நீலகிரித் தேயிலைத் தோட்ட இளைஞர்களின் தோள்மூட்டு நிலையின்மையும் உடற்பயிற்சிவழி இயன்முறை மருத்துவமும்

முன்னுரை

உடலின் மூட்டுகளுள் மிகுதியான அசைவெல்லை உடையது தோள்மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்துகிறது. விளிம்புக் குருத்தும் மூட்டுப்பையும் நான்கு சுழல்தசைகளும் அத்தலையைக் குழியின் நடுவில் நிறுத்துகின்றன. இவ்வமைப்புத் தளரும்போது மூட்டு நழுவுகிறது. சில வேளைகளில் முற்றிலும் விலகுகிறது. நீலகிரித் தோட்டப்பகுதி இளைஞர்க்கு இந்நிலையில் உடற்பயிற்சி எவ்வாறு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலையின்மையின் வகைகள்

மழைக்காலச் சரிவில் வழுக்கிக் கையூன்றி விழுவதால் நேர்வது காயவழி நிலையின்மை. இயல்பான மூட்டுத் தளர்வால் வருவது காயமில்லா நிலையின்மை. இவ்வேறுபாடு சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. பர்க்ஹெட், ராக்வுட் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியால் நல்ல பயன் கண்டவை காயமில்லாத் தோள்களுள் 80 விழுக்காடு. காயவழித் தோள்களுள் 16 விழுக்காடு மட்டுமே. கிழிந்த விளிம்புக் குருத்தைப் பயிற்சி ஒட்டவைப்பதில்லை என்பது இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

மேற்பார்வையும் வீட்டுப் பயிற்சியும்

டென்மார்க்கில் 56 இளையோரிடம் நடத்தப்பெற்று 2020இல் வெளிவந்த ஆய்வு, மேற்பார்வையுடன் கூடிய நரம்புத்தசைப் பயிற்சி, தாமே செய்யும் வழக்கமான பயிற்சியைவிட மேலானது எனக் கண்டது. முதன்முறை விலகல் நேர்ந்த 482 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பெற்று 2024இல் வெளிவந்த ஆய்வோ, ஒருமுறை தெளிவான அறிவுரை பெற்றோர்க்கும் தொடர் சிகிச்சை பெற்றோர்க்கும் ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. இவை முற்றிலும் முரண்பட்டவை அல்ல. முன்னதில் மீண்டும் மீண்டும் விலகல் கண்ட இளையோரும் இடம்பெற்றனர்; பின்னது முதல் விலகலை மட்டுமே ஆராய்ந்தது.

பணிக்கு ஏற்ற படிநிலை

முதற்கட்டத்தில் தோள்பட்டை எலும்பைக் கட்டுப்படுத்தலும் மூட்டை அசைக்காமல் தசையை இறுக்குதலும் பயிற்றப்பெறும். அடுத்து மீள்பட்டையால் உள்சுழற்சி, வெளிச்சுழற்சிப் பயிற்சிகளும் சுவரில் கையூன்றித் தள்ளுதலும் அமையும். இறுதியில் தலைக்குமேல் கையுயர்த்தும் வேகப் பயிற்சிகள் இடம்பெறும். கொழுந்து பறித்தல் பெரும்பாலும் உடலின் முன்புறத்தில், தோளுக்குக் கீழே நிகழ்வதால் அதற்கு முதலில் திரும்பலாம். கவாத்து வெட்டுதலும் கொழுந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றுதலும் பிந்தைய படிக்கு உரியவை. கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்புறம் திருப்பும் நிலையே முன்புற விலகலுக்கு மிகவும் இடந்தருகிறது.

கூடலூரிலிருந்து உதகை ஏறத்தாழ 50 கி.மீ. மலைப்பாதையாகும். வாரந்தோறும் சிகிச்சைக்குச் செல்வோர் ஒருநாள் கூலியை இழக்க நேரிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லம்சார் இயன்முறை மருத்துவம் இடம்பெற்றிருப்பது இங்குப் பொருளுடையதாகிறது.

முடிவுரை

காயமில்லா நிலையின்மைக்குப் பயிற்சியே முதல் சிகிச்சை. முதல் விலகலுக்குத் தெளிவான அறிவுரையும் வீட்டுப் பயிற்சியும் பலர்க்குப் போதுமானவை. மீண்டும் விலகும் இளையோர்க்கு மேற்பார்வையும் அறுவைசிகிச்சை வல்லுநரின் மதிப்பீடும் தேவை. எவ்வகை என முதலிலேயே பிரித்தறிவது, தொழிலாளியின் தோளையும் கூலியையும் ஒருங்கே காக்கும்.