லேடாங் மலையின் தொங்கும் குளங்கள்

குளத்தில் தோணியை மெல்லச் செலுத்தி, கரையோரப் பூக்களையும் நீர்வாழ் உயிர்களையும் கண்டு மகிழ்வது ஓர் இன்பம். தங்காக் நகரின் அருகே ஓங்கி நிற்கும் லேடாங் மலையிலோ தோணி புகமுடியாத குளங்கள் உண்டு. அவை உழக்களவு நீரே கொள்பவை, கொடியில் தொங்குபவை. மலாய்க்காரர் அவற்றைப் ‘பெரியுக் கெரா’, அதாவது குரங்கின் பானை, என்பர். தமிழில் குடுவைச் செடி எனலாம்.

குடுவை பூவன்று. இலையின் நடுநரம்பு நுனியில் கம்பிபோல் நீண்டு, குடமாக விரிந்ததே அது. பூக்கள் தனியே கதிராக எழும். ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறொரு செடியிலும் இருக்கும். மலைப்பாறை மண்ணில் நைட்ரஜன் சத்துக் குறைவு. வேர் தேடித் தராததைக் குடுவை தேடித் தருகிறது. வாயோரத்துத் தேனை நாடிவரும் எறும்பு வழுக்கி விழும். உள்ளிருக்கும் புளிப்பு நீர் அதைச் செரித்துவிடும்.

ஆங்கிலேய இயற்கை நூலறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து இம்மலைக்கு வந்தார். ஐரோப்பியர் இதனை ஓஃபிர் மலை என்றனர். பாறைச்சரிவில் அவரும் உடன்வந்தோரும் தாகத்தால் வருந்தியபோது அருகில் நீரில்லை. குடுவை நீரைக் குடித்தனர். பூச்சிகள் கிடந்தாலும், வெதுவெதுப்பாக இருந்தாலும், அது நன்றாகவே இருந்தது என்று 1869-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். இன்று மலையேறுவோர் இதைப் பின்பற்ற வேண்டியதில்லை!

அந்நீரில் செத்தவை மட்டுமல்ல, வாழ்பவையும் உண்டு. எறும்பைக் கரைக்கும் அதே நீரில் சிலவகைக் கொசுப்புழுக்கள் ஊறின்றி வளர்கின்றன. விழுந்த பூச்சியைத் தின்று, கழிவை நீரிலேயே விடுகின்றன. அது செடி எளிதில் ஏற்கும் உணவு. எனவே இவற்றைத் திருடர் என்பதினும் சமையற்காரர் எனல் பொருந்தும். தாழ்நிலக் குடுவைகளில் வாழும் நண்டுச் சிலந்தி ஒன்று, உட்சுவரில் இரைக்குக் காத்திருக்கும். அச்சம் நேர்ந்தால் நீருக்குள் மூழ்கி ஒளியும். சரவாக்கில் குடுவை நீரில் முட்டையிடும் தவளை ஒன்றை 2010-இல் ஆய்வாளர் விவரித்தனர். அதன் ஆண் வளர்ந்து முதிர்ந்தும் 13 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை.

தாழ்நிலச் சதுப்புக் காட்டில் வளரும் ஒருவகைக் குடுவைக்குப் புலாலில் அவ்வளவு நாட்டமில்லை. மூடியைப் பின்னுக்கு மடக்கி, மேலிருந்து உதிரும் சருகை ஏற்றுக்கொள்கிறது. ஏறக்குறையச் சைவம்! இத்தகைய தாழ்நில வகைகளுக்கே இடம் குறுகிவிட்டது. ஜொகூரின் தாழ்நிலக் காடுகள் பெரும்பாலும் ரப்பருக்கும், பின்னர் செம்பனைக்கும் வழிவிட்டன. அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழர் பலர். 1,276 மீட்டர் உயரமுள்ள இம்மலை பூங்காவாகக் காக்கப்படுவதால், இங்குள்ள செடிகளுக்குப் புகலிடம் எஞ்சியிருக்கிறது.

குடுவையைப் பறிப்பவர் ஒரு காம்பைத்தான் ஒடிக்கிறார். ஆனால் உள்ளிருக்கும் குடிகள் அனைத்தும் மடிகின்றன. செடி மறு குடுவை விடக்கூடும், அந்தக் குடிகள் மீளா. பறிக்காமலே பார்க்கலாம். வெயில் குடுவையின் மறுபுறம் விழும்படி நின்றால், மெல்லிய சுவரினூடே நீர்மட்டம் தெரியும். சற்றே குனிந்து வாய்வழி நோக்கினால் புழுக்கள் நெளிவதையும் காணலாம்.