யோபுவின் நண்பர்கள் எங்கே கோட்டை விட்டாங்க?

இன்னைக்கு எபிசோட், கேக்கறதைப் பத்தி. கேள்வி கேக்கறது இல்ல, ஒருத்தர் பேசறதைக் காது கொடுத்துக் கேக்கறது.

யூத் மீட்டிங்ல ஒருத்தர், "வேலை போயிடுச்சு, ராத்திரி தூக்கமே வரல"ன்னு சொல்றார்னு வைங்க. நம்ம வாயில இருந்து "ஜெபம் பண்ணிக்கறேன் ப்ரோ" எவ்வளவு வேகமா வருதுன்னு கவனிச்சிருக்கீங்களா? ஜெபம் நல்லது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பல நேரம் அந்த வார்த்தை சப்போர்ட் டிக்கெட்டை க்ளோஸ் பண்ற வேலையைத்தான் செய்யுது. அவர் இன்னும் பாதி கூட சொல்லி முடிக்கல.

வேதாகமத்துல இந்தப் பிரச்சினையை ரொம்ப நெருக்கமா காட்டுற புத்தகம் யோபு. அவருக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். பத்துப் பிள்ளைகளும் இறந்துட்டாங்க, சொத்து போச்சு, உடம்பு முழுக்கப் பருக்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார்னு மூணு நண்பர்கள் பார்க்க வர்றாங்க. வந்து என்ன செஞ்சாங்க? ஏழு பகல், ஏழு ராத்திரி அவரோட தரையில உக்காந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. நாம யாருக்காவது ஏழு நிமிஷம் அப்படி உக்காந்திருப்போமான்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் 3-ம் அதிகாரத்துல யோபு வாயைத் திறந்து, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அங்கதான் எல்லாம் மாறுது. நண்பர்களுக்கு அதைத் தாங்க முடியல. அவங்க கையில ஏற்கெனவே ஒரு தியரி இருக்கு: நல்லவனுக்கு இப்படி நடக்காது, நடந்திருந்தா அவன் ஏதோ தப்பு பண்ணியிருக்கணும்.

எலிப்பாஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்க. 4-ம் அதிகாரத்துல, "நீ எத்தனையோ பேரைத் தைரியப்படுத்தினவன், தளர்ந்து போனவங்களைத் தாங்கினவன்"ங்கிற மாதிரி ஆரம்பிக்கிறார். அதே ஆள் 22-ம் அதிகாரத்துல, நீ விதவைகளை வெறுங்கையா அனுப்பினவன், தாகமா இருந்தவனுக்குத் தண்ணி கொடுக்காதவன்னு குற்றம் சாட்டுறார். நடுவுல புதுசா எந்த சாட்சியும் வரல. எஞ்சினியர் மொழியில சொன்னா, லாக் தியரியோட ஒத்துப்போகல, அதனால லாகையே மாத்தி எழுதிட்டார். பில்தாத் அதைவிட மோசம். பத்துப் பிள்ளைகளைப் புதைச்ச அப்பாகிட்ட, அவங்க பாவம் செஞ்சிருப்பாங்க, அதான் இப்படிங்கிற தொனியில பேசறார்.

இவங்க கெட்டவங்க இல்ல. அழுதாங்க, தூரத்துல இருந்து கிளம்பி வந்தாங்க. பதிலைத் தயாரா வச்சிருந்ததுதான் பிரச்சினை. பதில் தயாரா இருக்கறப்போ, எதிர்ல இருக்கறவர் சொல்றது நமக்கு இடைஞ்சலாத்தான் தெரியும். 21-ம் அதிகாரத்துல யோபு கிட்டத்தட்ட கெஞ்சறார். நான் சொல்றதைக் கவனமா கேளுங்க, அதுவே நீங்க எனக்குத் தர்ற ஆறுதலா இருக்கும்னு. அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஜெர்மன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் இதே இடத்தைத் தொடறார். ஹிட்லர் அரசுக்கு வளைய மறுத்த சபைக்காக 1935-ல ஃபின்கன்வால்டேங்கிற இடத்துல போதகர்களைப் பயிற்றுவிச்சவர். 1937-ல கெஸ்டபோ அதை மூடிடுச்சு. அங்க ஒண்ணா வாழ்ந்த அனுபவத்தை வச்சு எழுதி, 1939-ல வந்த புத்தகம்தான் 'லைஃப் டுகெதர்'. சக விசுவாசிக்கு நாம செய்ய வேண்டிய முதல் ஊழியமே அவர் பேசறதைக் கேக்கறதுதான்னு அதுல சொல்றார். பிரசங்கம் பண்ணக் கத்துக்க வந்தவங்ககிட்ட இதை முதல்ல வைக்கிறது சாதாரண விஷயம் இல்ல. அடுத்தவர் என்ன சொல்லப் போறார்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு நினைச்சு, அரைக் காதுல கேக்கறதையும் அவர் கண்டிக்கிறார். எலிப்பாஸேதான்!

"அப்போ ஒருத்தர் கடவுளைப் பத்தித் தப்பா பேசினா திருத்த வேண்டாமா?"ன்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்வி. யோபுவும் கடுமையாத்தான் பேசினார், கடவுள் தன்னை எதிரியா நடத்தறார்னு கூட. ஆனா கடவுள் எப்போ பேச ஆரம்பிக்கிறார்னு பாருங்க: 38-ம் அதிகாரத்துல. யோபுவும் மூணு நண்பர்களும், கடைசியா வந்த எலிகூவும் பேசி முடிச்சதுக்கு அப்புறம். பேசும்போது யோபுகிட்டயும் கடினமான கேள்விகளைக் கேக்கறார், உண்மைதான். ஆனா கோபம் வந்தது நண்பர்கள் மேல. தன்னைப் பத்தி யோபு பேசின மாதிரி நீங்க சரியா பேசலன்னு எலிப்பாஸ்கிட்டயே சொல்றார்.

அதனால அந்த வேலை போன நண்பர்கிட்ட என்ன சொல்லலாம்? என் சிபாரிசு, "அப்புறம் என்ன ஆச்சு?" மட்டும் போதும். அவர் நிறுத்தினதும் உடனே நிரப்பாம கொஞ்சம் பொறுங்க. அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் பெரும்பாலும் நிஜமான விஷயம் வரும். ஜெபத்தை அதுக்குப் பிறகு பண்ணுங்க, அவர் சொன்னதை வச்சே பண்ணுங்க.

இன்னைக்கு ராத்திரி 4-ம் அதிகாரத்தையும் 22-ஐயும் அடுத்தடுத்து வாசிங்க, பத்து நிமிஷம்தான் ஆகும். அப்படியே 42-க்கும் போங்க. அங்க மூணு நண்பர்களும் பலிக்கு ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடாவோட யோபுகிட்ட திரும்பி வர்றாங்க. இந்தத் தடவை அவங்களுக்காக யோபு ஜெபம் பண்றார், அவங்க பேசினதா ஒரு வார்த்தை கூட அங்க இல்ல.