உங்களுக்குத் தெரியுமா? மிலானும் கொட்டாஞ்சேனையும்

● 1961இல், மிலானில் பிறந்த கவிஞர் நன்னி பாலெஸ்திரினி வேறு நூல்களிலிருந்து எடுத்த சில வரிகளை ஐபிஎம் கணினிக்குள் போட்டு, கலைத்துச் சேர்த்துக் கவிதை ஆக்கினார். அவருக்கு அப்போது 26 வயது.

● 1966இல் அவருடைய நாவல் ‘திரிஸ்தானோ’ வந்தது. ஒவ்வொரு பிரதியிலும் பந்திகள் வேறு வேறு வரிசையில் இருக்க வேண்டும், ஒருவர் வாசிப்பதை மற்றவர் வாசிக்கக் கூடாது என்பது அவர் ஆசை. அன்றைய அச்சு இயந்திரம் இடம் கொடுக்கவில்லை. 2007இல்தான் அந்த ஆசை நிறைவேறியது. 2019இல் அவர் காலமானார்.

● அதே 1961இல்தான் நம்முடைய ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ.வின் (எஸ். பொன்னுத்துரை) ‘தீ’ வந்தது. காமத்தை மூடி மறைக்காமல் ஒருவன் வாயாலேயே சொல்ல வைத்த நாவல். எஸ்.பொ. வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. பாலெஸ்திரினி வரிசையைக் கலைத்தார். நல்லூரில் பிறந்த இந்த வாத்தியார் வாய்விட்டுச் சொல்லக் கூடாதென்று ஊர் வைத்திருந்ததைச் சொன்னார். இரண்டில் இதற்கே துணிச்சல் கூட வேண்டியிருந்தது என்பேன்.

● எஸ்.பொ.வின் ‘சடங்கு’ நாவல் வந்தது 1966இல். கொழும்பில் கந்தோர் வேலை, யாழ்ப்பாணத்தில் குடும்பம். லீவில் ஊருக்குப் போகும் கிளாக்கர் மனைவியோடு தனித்திருக்க ஏங்குகிறார். வீட்டுச் சந்தடி விடுவதாயில்லை. கதை அவ்வளவுதான். வெள்ளவத்தைச் சமறிகளில் (பலர் கூடித் தங்கிய வீடுகளில்) இருந்து மாதச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிய ஒரு தலைமுறையின் தவிப்பை இவ்வளவு நெருக்கமாக வேறெந்த நாவலிலும் நான் வாசித்ததில்லை.

● எஸ்.பொ. ஒரு நூலுக்கு இட்ட தலைப்பு ‘?’. எழுத்தே கிடையாது, வெறும் வினாக்குறி!

● பல எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய ‘மத்தாப்பு’ நாவலிலும் அவர் கை உண்டு.

● எஸ்.பொ.வின் ‘வீ’ சிறுகதைத் தொகுதியை வெளியிட்டது எம்.ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடு. அதன் அன்றைய முகவரி 231, ஆதிருப்பள்ளித் தெரு, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13. ‘இளம்பிறை’ சஞ்சிகையை நடத்தியவரும் ரஹ்மான்தான். பெரிய பதிப்பகங்களின் துணையில்லாமல், புதுமை எழுத்துக்கு அச்சும் மேடையும் கொடுத்த அந்த மனிதரைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

● எஸ்.பொ. 2014இல் சிட்னியில் மறைந்தார். ‘இளம்பிறை’ இதழ்களை நூலகம் இணையத் தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். தாளில்தான் வேண்டும் என்பவர்கள் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். எஸ்.பொ.வின் நாவல்களை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் ‘சடங்கு’, பிறகு ‘தீ’.