ஒரு கார்... இருபது பெயர்!

பெர்லின் நகரத் தெருவில் ஒருத்தர் குட்டி சிவப்புக் கைவண்டியை இழுத்துக்கிட்டு நடக்கிறார். வண்டிக்குள்ளே 99 பழைய செல்போன்கள். அத்தனையிலும் கூகுள் மேப்ஸ் ஆன். தெருவோ காலி. ஆனா மேப்பில் பச்சையாக இருந்த தெரு சிவப்பாகிடுச்சு. 'அடேங்கப்பா, செம டிராஃபிக்' என்று நம்பிவிட்டது மேப்! சைமன் வெக்கர்ட் என்ற ஆர்ட்டிஸ்ட் 2020-ல் வெளியிட்ட குறும்பு இது.

சிரிச்சாச்சா? இதே டகால்டியை கார்களிடமே காட்டினால் என்ன ஆகும்?

ஏன்னா, கார்களும் இப்போ ஒயர்லெஸ்ஸில் பேசிக்குது பாஸ். 2015-ல் ஜப்பானில் டொயோட்டாவும், 2017-ல் அமெரிக்காவில் காடிலாக்கும் ஆரம்பித்து வைத்த வேலை. பேர் 'வேனெட்'. (ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுத்தவர்களுக்கு இப்பவே வயிற்றைக் கலக்குமே!) 'நான் இங்கே இருக்கேன், இந்த ஸ்பீடு, இந்தத் திசை' என்று ஒவ்வொரு காரும் விநாடிக்கு 10 முறை அறிவிக்கும். சில நூறு மீட்டர் வரை கேட்கும். லாரி மறைத்தாலும், அதற்கு முன்னால் போகிற கார் சடன் பிரேக் அடித்தது உங்கள் காருக்குத் தெரிந்துவிடும்.

அங்கேதான் வில்லன் என்ட்ரி. ரோட்டோரம் ஒரு லேப்டாப், ஒரு ரேடியோ. 'நாங்க 50 கார், இங்கே மாட்டிக்கிட்டோம்' என்று ஒரே ஆள் புளுகலாம். இதுக்குப் பேர் 'சிபில் அட்டாக்'. இல்லாத காருக்காக நீங்க பிரேக் அடிச்சா, பின்னால் வர்றவர் கதி?

அதனால் ஒவ்வொரு மெசேஜிலும் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். கையெழுத்து தப்பா? மெசேஜ் குப்பைக்கு. பிரச்னை தீர்ந்ததுன்னு நினைக்காதீங்க. ஒரு காருக்கு ஒரே சர்ட்டிஃபிகேட் என்றால், ரோட்டோரம் ரிசீவர் வைத்திருக்கிற எவனும் உங்களைப் பின்தொடரலாம். காலேஜ் கட் அடிச்சுட்டு எந்த தியேட்டருக்குப் போனீங்க என்பதுவரை ஜாதகமே கிடைச்சிடும்!

அமெரிக்கர்கள் வடிவமைத்த முறையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 தற்காலிக சர்ட்டிஃபிகேட். சில நிமிஷத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும். பின்தொடர்பவனுக்கு அல்வா!

ஆனா யோசிச்சுப் பாருங்க... அந்த 20-ஐயும் ஒருத்தன் திருடிட்டா? அவன் ஒரே நேரத்தில் 20 கார்! அதுவும் ஒரிஜினல் கையெழுத்தோடு. மறைக்கக் கொடுத்த முகமூடியே திருடனுக்கு வசதி.

அதனால்தான் ரகசிய சாவியை உடைத்து எடுக்கவே கஷ்டமான தனி சிப்பில் பூட்டுகிறார்கள். 20 பெயரும் ஒரே கார்தான் என்று கண்டுபிடிக்கும் ரகசியத்தை ஒருவரிடமே தராமல், இரண்டு அமைப்புகளுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பது ஏற்பாடு. புகார் உறுதியானால் ரெண்டு பாதியையும் சேர்த்து அந்த காரையே பிளாக்லிஸ்ட் செய்யலாம். மற்ற நேரத்தில் தனியாக யாராலும் உங்களை நோட்டம்விட முடியாது.

'100 மீட்டரில் கார் நிற்குது' என்று மெசேஜ் வருது, ரேடாரில் ஒண்ணும் இல்லையா? கார் சந்தேகப்பட்டு மேலிடத்தில் போட்டுக் கொடுக்கும். இதிலும் ஒரு சிக்கல்... 20 போலி கார்கள் கூட்டு சேர்ந்து, 'அவன்தான் பொய்யன்' என்று ஒரு நல்ல காரைக் காட்டிக் கொடுத்தால்? ப்ராஜெக்ட் தலைப்பு தேடுகிறவர்களே, இங்கே இன்னும் வேலை இருக்கு!