தாலி கட்டினால்தான் குடும்பமா?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். நடவுக்கும் அறுப்புக்கும் 20 வருஷம் ஒன்றாகப் போய்வந்த ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. திடீரென்று அவர் இறந்துபோகிறார். வாரிசுச் சான்று கேட்டு அந்தம்மா தாலுகா ஆபீஸ் போகிறார்.

“அவருக்கு முதல் சம்சாரம் இருக்காங்களா?”

“இருக்காங்க. விவாகரத்து வாங்கல.”

அவ்வளவுதான். சான்றில் அந்தம்மா பெயர் வராது. இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் பிள்ளைகளைப் பெற்றவருக்கு இல்லை.

இதில் முதல் மனைவியின் உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அந்தத் திருமணம்தான் ஒரே பாதுகாப்பு. ஆனால் 20 வருஷ உழைப்புக்கும் பராமரிப்புக்கும் மதிப்பே இல்லை என்பதும் நியாயமா?

கல்யாணம் தரும் சாவி

சொத்துரிமை, குடும்ப ஓய்வூதியம், ஜீவனாம்சம் எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவியாகக் கல்யாணத்தைச் சட்டம் வைத்திருக்கிறது. வெளியே நிற்பவர்கள் பல பேர். பெற்றோரை இழந்து தங்கையைப் படிக்கவைக்கும் ஒரு பெண், தன் பி.எஃப். பணத்துக்குத் தங்கையை நாமினியாகப் போடலாம். ஆனால் அவருக்குக் கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது! தன்பாலின ஜோடிகளுக்கோ சாவியே கிடையாது. அவர்கள் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நம் வீட்டிலும் நடந்ததுதான்

‘யாரோ நாலு பேர் பிரச்னை’ என்று நினைக்க வேண்டாம். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் ஒருகாலத்தில் இதே நிலையில்தான் இருந்தன. அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஊரறிய வாழ்ந்த பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை!

1967-ல் முதல்வர் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். ஏற்கெனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். கதவை அகலமாக்கியதால் கல்யாணத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லையே!

அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது. ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தூத்துக்குடி ஜோடியின் வழக்கில் 2019-ல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2025 மே மாதம், குடும்பமாக வாழக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசும் 2024-ல் தன்பாலின இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேரலாம் என்று தெளிவுபடுத்தியது.

கல்யாணத்துக்கு உள்ள சலுகைகளை எடுத்துவிட வேண்டியதில்லை. ‘எனக்குப் பிறகு இவருக்கு’ என்று யாரையும் எழுதிக்கொடுத்துப் பதிவுசெய்யும் வழி இருந்தால் போதும். அக்காவோ, தோழியோ, இணையரோ... யார் பார்த்துக்கொண்டார்களோ, அவர்களுக்கு.

இப்போதே செய்யக்கூடியவை

* தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் பதியுங்கள். பதியாததால் கல்யாணம் செல்லாமல் போகாது. ஆனால் நிரூபிக்க அலைய வேண்டும்.

* சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். குடும்ப ஓய்வூதியத்தை மட்டும் உயிலில் எழுத முடியாது.

* வங்கி நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. அதனால் உயிலும் அவசியம்.

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்: ‘நமக்காக உழைத்தும், எந்தப் பேப்பரிலும் பெயர் இல்லாதவர் யார்?’ ஒரு அத்தையோ, சித்தியோ நிச்சயம் நினைவுக்கு வருவார்.