கார்பன் இழைப் பொருள்களும் களைப்படையும்: ‘டைட்டன்’ விபத்து உணர்த்துவது என்ன?

கடலடியில் கிடக்கும் டைட்டானிக் கப்பலைக் காண 2023-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி சென்ற ‘டைட்டன்’ நீர்மூழ்கிக் கலம் நொறுங்கியதில், அதிலிருந்த 5 பேரும் உயிரிழந்தனர். அக்கலத்தின் உருளை வடிவ உடற்பகுதி கார்பன் இழைக் கலப்புப் பொருளால் ஆனது.

இழையையும் பிசினையும் அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்கப்படும் இத்தகைய பொருள்கள் எடை குறைந்தவை, துருப்பிடிக்காதவை. போயிங் 787 விமானக் கட்டமைப்பின் எடையில் சுமார் பாதி இவைதான். இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்திலும் இவை பெருமளவில் பயன்படுத்தப்படுகின்றன.

உலோகத்திலிருந்து வேறுபடுவது எப்படி?

உலோகத்தின் மீது சுமை திரும்பத் திரும்ப விழும்போது, பெரும்பாலும் ஏதேனும் ஓரிடத்தில் விரிசல் தோன்றி வளரும். அதன் வளர்ச்சியைப் பொறியாளர்களால் ஓரளவு கணிக்க முடியும்.

கலப்புப் பொருளில் நிலைமை வேறு. முதலில் பிசினில் நுண்ணிய விரிசல்கள் பல இடங்களில் உண்டாகின்றன. பின்னர் அவை அடுக்குகளுக்கு இடையே பரவி, அடுக்குகளைப் பிரிக்கின்றன. விறைப்பு சிறிது சிறிதாகக் குறைகிறது. மேற்பரப்பில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். இறுதியில் இழைகள் அறுபட்டு, முறிவு திடீரென நிகழ்கிறது.

அழுத்தத்தின் கீழ் ஆபத்து மேலும் அதிகம். மெல்லிய இழைகள் வளையாமல் தாங்கிப் பிடிப்பது பிசினே. அடுக்குகள் பிரிந்த இடத்தில் அந்தத் தாங்கல் குறைவதால் அவை எளிதில் வளைந்து முறியும்.

முன்பே ஒலித்த எச்சரிக்கை

டைட்டானிக் கிடக்கும் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம், கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 380 மடங்கு. அந்த ஆழத்தை எட்டித் திரும்பிய ஒவ்வொரு பயணத்திலும் டைட்டனின் உடற்பகுதி இந்த அழுத்தத்தை ஏற்று மீண்டது. 2022 ஜூலையில் ஒரு பயணத்தின்போது பலத்த வெடிப்பொலி கேட்டது. அதன் பிறகு உணரிகளின் பதிவுகளும் மாறின. அப்போதே அடுக்குகள் பிரிந்துவிட்டதாக அமெரிக்க விசாரணையில் தெரியவந்தது. இந்தப் பதிவுகளை முறையாக ஆராயாமலேயே கலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டதாக, அந்நாட்டுக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை கூறியது.

விமானங்களில் என்ன பாதுகாப்பு?

விமான உறுப்புகள், தாங்கக்கூடிய அளவைவிட மிகக் குறைந்த சுமையையே வழக்கமாக ஏற்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. வேண்டுமென்றே சேதம் ஏற்படுத்தியும் அவை சோதிக்கப்படுகின்றன. பராமரிப்பின்போது, கண்ணுக்குத் தெரியாத அடுக்குப் பிரிவுகளை மீயொலிக் கருவிகள் காட்டித்தருகின்றன. அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறிய பாதிப்பு உறுதியானால், பழுது நீக்கப்படும் வரை அந்த விமானம் வழக்கமான சேவையில் பறக்க அனுமதிக்கப்படுவதில்லை. டைட்டனில் உணரிகள் இருந்தும், அவை காட்டிய மாற்றத்திற்குப் பின் பயணங்கள் நிறுத்தப்படவில்லை.