கணனியின் கடிகாரம் பிந்துகிறதா?

வீட்டுக் கணனியில் கடைக் கணக்கைப் பதியும் வியாபாரிகள் நம்மில் பலர். அதன் கடிகாரம் பிழையாக ஓடினால் பில்லில் திகதி மாறும். இன்றைய விற்பனை நேற்றைய கணக்கில் ஏறும். வங்கியின் இணையத்தளமும் திறக்க மறுக்கலாம். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகுமா என்பதைக் கணனி தன் திகதியை வைத்தே பார்க்கிறது.

இப்படியான கணனியைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, எவ்வளவு பிழை, எப்போது பிழை என்பதைத்தான்.

சரியாக அரை மணி நேரம் முந்தி ஓடினால் நேர வலயத்தைப் பாருங்கள். 2006 ஏப்ரலில் இலங்கை நேரம் அரை மணி பின்தள்ளப்பட்டு, கிரீன்விச்சுக்கு 5.30 மணி முந்தியதாக மாறியது. புதுப்பிக்கப்படாத பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு இது தெரியாது. நேரத்தைக் கையால் திருத்தினாலும் இணையத்தோடு மீண்டும் ஒத்துப்பார்க்கையில் பிழை திரும்பிவிடும். வலயத்தையே மாற்ற வேண்டும்.

கணனியை அணைத்து வைத்த பின் மட்டும் பிந்தினால், மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சீஆர் 2032 பற்றரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மின்வயரைக் கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள். பின்னர் திகதியைக் கையால் சரிசெய்யுங்கள். வித்தியாசம் 15 மணித்தியாலத்தைத் தாண்டினால் வீட்டுக் கணனியில் விண்டோஸ் பொதுவாகத் தானாகத் திருத்தாது.

ஓடும்போதே சிறிது சிறிதாக விலகினால், 'விண்டோஸ் டைம்' சேவை இயங்குகிறதா, ஃபயர்வோல் யூடிபி 123ஆம் போர்ட்டை மறிக்கிறதா என்று பாருங்கள்.

எதைத் திருத்தினாலும் கணக்கு மென்பொருளை முதலில் மூடிவிடுங்கள். பற்றரியின் விலை சொற்பம். திகதி மாறிய பில்லை வருட முடிவில் தேடுவதுதான் பெருஞ்செலவு.